ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாந்தி இல்லை

மற்ற ஆறு நாளும் காலை பத்து மணி ஆனால் போதும், ஏசுதாஸ் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் கிடையாது. ஐந்து இட்லி தின்பார், சர்ச்சுக்கு வருவார், பாட்டுக்கூடப் பாடுவார். வியாதிக்குக் கிழமை தெரியுமா என்ன? அவர் மனைவி ரெபேக்காளுக்கு மண்டை குடைந்தது.

புதுப்பட்டினத்தில் அவர்கள் வீடு. பக்கத்து அணுமின் நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் டெக்னீஷியனாக இருந்தவர் ஏசுதாஸ். ரிடையர் ஆன பிறகு மறதி நோய் வந்தது. அல்சைமர் என்றார்கள். நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்தவளைப் பார்த்து ஒருநாள், "நீ யாரும்மா? யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்று அழுதாள். அப்புறம் செங்கல்பட்டு டாக்டர் ஷபானா ஒரு மருந்துப் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தார். தினம் காலையில் பழையதை உரித்துவிட்டு, முதுகில் வேறொரு இடத்தில் புதியது ஒன்றை ஒட்ட வேண்டும். மூன்று மாதத்தில் மனுஷன் மறுபடி "ரெபேக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பாள்.

இப்போது இரண்டு வாரமாக வாந்தி. நாடியும் இறங்கிவிட்டது. "ஐம்பத்திரண்டுதான் இருக்கு. வீட்டு பி.பி. மிஷின்ல தினம் நாடி பாருங்க, ஐம்பதுக்குக் கீழ போனா உடனே வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே இருந்தா மருந்த நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். நிறுத்தினால் மறுபடி 'யாரும்மா நீ'தான்.

பக்கத்து வீட்டுக் கண்ணகி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "உங்க சாமி வாரத்துக்கு ஒருநாள்தான் டூட்டி பாக்குது போலக்கா."

ரெபேக்காள் அப்படி விடுகிறவள் இல்லை. மிக்ஸி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் தானே திறந்து பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னதான் செய்கிறோம்? திங்கட்கிழமை அதே இட்லி, அதே சட்னி கொடுத்தாள். வாந்தி. செவ்வாய்க்கிழமை சர்ச்சுக்குப் புறப்படுகிற நேரத்துக்கே எழுப்பிக் குளிக்க அனுப்பினாள். வாந்தி. மிச்சம் இருந்தது சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை ஒன்றுதான். கிறுக்குத்தனம் என்று தெரிந்தே புதன்கிழமை அதை மாட்டிவிட்டாள். வாந்தி இல்லை. நாடி அறுபத்து நான்கு.

"சட்டையில இன்னா கீது?" என்று அதை உதறி உதறிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை பழைய நீலச் சட்டை. வழக்கம்போல முதுகுப் பிளாஸ்திரியை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள், புதியதை ஒட்டினாள். "கொழம்பு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படித் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏசுதாஸ் இப்படியும் அப்படியும் பார்த்தார். குனிந்து குப்பைக்கூடையிலிருந்து பழைய பிளாஸ்திரியை எடுத்தார். தூசியை ஊதினார். பட்டனைக் கழற்றி இடது மார்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு பீரோவைத் திறந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டினார்.

"இன்னாங்க பண்ணிகினு கீறீங்க?"

"பேட்ஜ். இது இல்லாம கேட்டுல உள்ள வுட மாட்டான்."

"ரெண்டாவது?"

"சின்னையனுது. என்கூட ஷிப்ட் பாக்கறவன், எப்பவும் மறந்துடுவான்."

பீரோக் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். பழைய பிளாஸ்திரிகள் நூல் பிடித்ததுபோல வரிசையாக ஒட்டியிருந்தன. நிலையத்துக்குள் வேலை செய்கிறவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளக்க நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். சாயங்காலம் அதை கேட்டருகே ஒரு மாடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவருக்குப் பீரோக் கதவுதான் அந்த மாடம். வெள்ளைச் சட்டை போட்டால் அவருக்கு லீவு. லீவு நாளில் ஏது பேட்ஜ்? அடப்பாவி மனுஷா என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

டாக்டருக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் உரிங்க, இன்னைக்கு ஒட்டினதையும். ஒட்டின இடத்தத் தண்ணியில கழுவிட்டு உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். "ஒருநாள் போட்டு எடுத்ததுலயும் மருந்து நிறைய மிச்சம் இருக்கும்மா. பசை உள்ள போற மாதிரி மடிச்சுப் போடச் சொன்னேனே."

"சுத்தத்துக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுதுதான்."

செங்கல்பட்டில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், அன்றிரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் நாடி ஏறிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் இல்லை, அளவுதான் மீறிவிட்டது என்றார் டாக்டர். சனிக்கிழமையிலிருந்து மறுபடி ஒன்றே ஒன்று ஒட்டலாம்.

திங்கட்கிழமை காலை ரெபேக்காள் பழைய பிளாஸ்திரியை இரண்டாக மடித்து, மூடி போட்ட டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றினாள். ஏசுதாஸ் குப்பைக்கூடையைக் கிளறினார். ஒன்றும் இல்லை. முகம் வெளிறிவிட்டது. "டூட்டிக்கு லேட்டாவுது. பேட்ஜ் எங்க?"

தயாராக வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து அவர் சட்டையில் குத்தினாள். உள்ளே அவர் போட்டோவும் பெயரும். தடவிப் பார்த்துவிட்டு அமைதியானார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று அவள் தோளைப் பார்த்தார்.

"உன்னுது எங்க? அது இல்லாம உன்ன உள்ள வுட மாட்டான். நா மட்டும் தனியா போயி இன்னா பண்றது?"

ரெபேக்காள் உள்ளே போய் ஒரு அட்டையில் தன் பெயரை எழுதி, புடவைத் தலைப்பில் ஊக்கால் குத்திக்கொண்டு வந்தாள். அவர் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார்.

"ரெபேக்கா" என்றார்.

படித்துச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா? இட்லியைக்கூட விடாமல் துருவிப் பார்த்தவள் இதைத் துருவவில்லை.

"வாங்க, டைம் ஆவுது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.