கட்டுப் போட்ட கால்

வலது உள்தொடைத் தசை கிழிந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. கிக்பாக்ஸிங் வீரன் மொட்டைக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? கசாப்புக்காரன் என்று பட்டப்பெயர் வாங்கிய எதிராளி போன வருடம் மேடையில் உதைத்த உதையில் மொட்டையின் தாடையே உடைந்தது. இன்றைய போட்டியில் அவனைக் கூழாக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தான்.

பிசியோதெரபிஸ்டான அக்கா போட்டி வேண்டாமென்று தலைகீழாக நின்று பார்த்தாள்.

"முழங்காலுக்கு நடுவுல பந்தை வெச்சு அழுத்தும்போதே பல்லைக் கடிக்கிற. முதல்ல வலிக்காம அழுத்தணும், அப்புறம் பக்கவாட்டுல ஓடணும், அதுக்கப்புறந்தான் உதை. நடக்க முடிஞ்சா ஆறிடுச்சுன்னு அர்த்தமா?"

"அவன் இன்னும் ஒரு வருஷம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியணுமா? போக்கா!"

"மறுபடி கிழிஞ்சா நீ மேடையே ஏற முடியாதுடா."

மேடை இல்லாவிட்டால் மொட்டை யார்? அதை நினைக்கவே அவனுக்குப் பயம். பயந்தவன் ஒழுங்காகப் படுத்துக் கிடக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. உடைமாற்றும் அறையில், நன்றாக இருந்த இடது தொடையில் பளிச்சென்று தெரியும்படி கட்டுப் போட்டுக்கொண்டான். கட்டைக் கண்டால் எந்தச் சண்டைக்காரனுக்கும் கால் சும்மா இருக்காது. அடிக்கிறவன் அங்கேயே அடிக்கட்டும், வலது கால் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டான்.

கணக்கு பலித்தது. கசாப்புக்காரன் கட்டின் மேலேயே தொப்புத் தொப்பென்று உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் மொட்டை அவன் முகத்தில் இரண்டு குத்து விட்டான். மூக்கு நொறுங்கி ரத்தம் கொட்டியது.

"வாடா! இன்னும் உதைடா!" என்று சிரித்தான் மொட்டை.

உதைத்தான். இருபது, முப்பது என்று உதைத்தான். இரண்டாம் சுற்றின் பாதியில் இடது கால் மரத்துப்போய் உடம்பைத் தாங்க மறுத்தது. முழுப் பாரமும் வலது காலில் இறங்கியது. அடுத்த உதைக்கு மொட்டை பக்கவாட்டில் விலகினான், பாருங்கள், வலது தொடைக்குள் படக்கென்று ஏதோ அறுந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் போட்ட அலறலில் கசாப்புக்காரனே பின்வாங்கினான்.

"அடப்பாவி, இருந்த நல்ல காலையும் கொடுத்துட்டியேடா!" என்று அக்கா மேடையோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து, அதே பழைய பந்தை அவன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்தாள் அக்கா.

"மெதுவா அழுத்து."

வலது காலில் உயிரே இல்லை. உதை வாங்கிய இடது தொடை இன்னும் கல்லாக இறுகிக் கிடந்தது. பந்து நழுவித் தரையில் உருண்டது.

"எப்பக்கா மேடை ஏறலாம்?"

அக்கா குனிந்து பந்தை எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கக்கூஸுக்குத் தனியாப் போறது எப்பன்னு கேளுடா," என்றாள்.

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். அவள் பந்தை மறுபடி நடுவில் வைத்தாள்.