மாடியிலிருந்து இறங்கிய கட்டில்கள்

எங்கண்ணன் ராசையாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. துறைமுகத்துல மூட்டை தூக்கின உடம்பு. நானும் அதே வேலைதான். விடிஞ்சா போயிடுவேன், வூட்ல அவரைப் பார்க்க ஆளில்லை. அதனால திருவொற்றியூர்ல ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்தேன்.

ஞாயித்துக்கிழமை பார்க்கப் போனா, அண்ணனைக் கீழே கொண்டாந்து நாற்காலியில உட்கார வச்சிருப்பாங்க. தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, துவைச்ச சட்டை. மாடிக்கு யாரும் போகக் கூடாது, படுத்திருக்கிறவங்களுக்குத் தொந்தரவுன்னு மேனேஜர் லட்சுமணன் சொல்லுவான். அண்ணனுக்கு வாய் குழறும். அவர் ஏதாவது சொல்ல வந்தா, பக்கத்துல நிக்கிற ஆயா நடுவுல பூந்து நல்லாத்தான் கீறாருன்னு முடிச்சிடும். நானும் நம்பி லட்சுமணனைக் கும்பிட்டுட்டு வருவேன்.

ஒரு ஞாயிறு அண்ணன் நாற்காலியில சரிஞ்சாரு. தூக்கி உட்கார வைக்க முதுகுல கை குடுத்தேன். கை நனைஞ்சுது. சட்டையைத் தூக்கிப் பார்த்தா, இடுப்புக்கு மேல உள்ளங்கை அளவுக்குப் புண்ணு. உள்ளே எலும்பு தெரியுது. வந்த நாத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

"மாடியில திருப்பிப் போட ஆளில்லடா," அண்ணன் சொன்னாரு. "மூத்திரத்துலயே கெடக்கறோம்."

அப்பவே தூக்கிட்டுப் போறேன்னு லட்சுமணன்கிட்ட சொன்னேன். டாக்டர் வந்து பார்க்காம அனுப்ப முடியாதாம். வயசானா தோல் பிஞ்சுதான் போகுமாம், மூட்டைக்காரனுக்கு அதெல்லாம் புரியாதாம். வாட்ச்மேனை விட்டு என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளினான் லட்சுமணன்.

அவனை அடிச்சிருக்கலாம். ஒரு அடி தாங்க மாட்டான். ஆனா அடிச்சா நான் ஸ்டேசன்ல இருப்பேன், அவன் தலையில கட்டு போட்டுகினு நல்லவனாயிடுவான். எனக்கு அது பத்தாது. எங்கண்ணன் படுத்த நாத்தம் அவன் மூக்குல ஏறணும். அவனைப் பெரிய மனுசன்னு நம்புறவங்க மூக்குலயும் ஏறணும்.

கேட்டுல ஒரு கரும்பலகை இருக்கும். யார் திவசத்துக்கு யார் சாப்பாடு போடறாங்கன்னு அதுல எழுதுவாங்க. புதன்கிழமை ஒரு கம்பெனி முதலாளி தன் அப்பா திவசத்துக்குக் குடும்பத்தோட வர்றதா எழுதியிருந்தது. நான் லேட்டா எழுத்து கத்துகினவன், ஆனா அதைப் படிக்கத் தெரிஞ்சுது.

துறைமுகத்துல என்கூட மூட்டை தூக்கற எங்க கேங்குல சொன்னேன். மேஸ்திரி சௌக்கத் அலி பாய் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, மாடிப்படி எவ்ளோ அகலம்னு.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேன் வந்து நின்னுது. தோள்ல துண்டு போட்டுகினு நாங்க போய் நின்னோம்; வாட்ச்மேனுக்கு அடையாளம் தெரியாம நான் மட்டும் தலையில முண்டாசு கட்டிப் பின்னால நின்னேன். அண்டா இறக்க வந்த கூலிங்கன்னு நினைச்சு வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். சாம்பார் அண்டாவை ஹாலுக்குள்ள இறக்கி வச்சோம். அப்படியே மாடிக்கு ஏறினோம்.

அண்ணனைக் கட்டிலோட தூக்கினோம். முன்னால போறவன் தோளுக்கு மேல, பின்னால வர்றவன் இடுப்புக்குக் கீழ. கட்டில் ஒரு பக்கமும் சாயல. விருந்தாளிங்க இலைக்கு முன்னால உட்கார்ந்திருந்த ஹாலுக்கு நடுவுல இறக்கினோம். போர்வையை நான்தான் எடுத்தேன்.

முதலாளி சம்சாரம் வாயைப் பொத்திகினு எழுந்தாங்க. லட்சுமணன் கர்ச்சீப்பால மூக்கை மூடினான். சௌக்கத் பாய் அதை மெதுவா அவன் கையிலிருந்து உருவினாரு.

"இன்னா சார், உன் வூட்டு வாசனைதானே. நல்லா இழு."

லட்சுமணன் என் காதுகிட்ட வந்தான். உங்க அண்ணனுக்கு மட்டும் கீழே தனி ரூம், தனி ஆள், ஆஸ்பத்திரி எல்லாம் நான் பார்க்கறேன், இப்போ கட்டிலை இங்கேர்ந்து எடுத்துட்டுப் போயிடுங்கன்னு கெஞ்சினான். ஒரு நிமிசம் எனக்கு மனசு ஆடிச்சு. எனக்கு அண்ணன் பொழைக்கணும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் குழறிக்குழறிச் சொன்னாரு. "அவன்கிட்ட இன்னாடா பேச்சு. மேல கன்னியம்மா கீது, அப்துல் வஹாப் கீறாரு. போய்த் தூக்கு."

முதலாளி ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் போன் போட்டுகினு இருந்தாரு. நாங்க திரும்ப ஏறினோம். ஒவ்வொரு கட்டிலா இறக்கினோம். கன்னியம்மா வழி நெடுக எங்க கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துகினே வந்தது.

கடைசியா இறக்கின அப்துல் வஹாப் கட்டிலை வாசலை அடைச்சாப்ல போட்டேன். லட்சுமணன் வெளியே போகணும்னா அதைத் தாண்டணும். தாண்டப் பார்த்தான். அப்துல் வஹாப் படுத்தபடியே அவன் சட்டையைப் பிடிச்சுகினாரு. விடலை.