யூதாசு கதிரை

சவரிநாதன் அன்றைக்குத் தேத்தண்ணி குடித்தார்.

அதுதான் ஜெயந்தினிக்கு நெருடியது. கோயில் சபைத் தலைவர் அவர், தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசைகளில் மேட்டு லயத்துக்காரர். திருவிழாவுக்குப் பந்தல் போடவோ சிரமதானத்துக்கோ ஆள் கூப்பிட எப்போதாவது அவள் இருக்கும் கடைசி லயத்துக்கு இறங்கி வருவார். வந்தால் முற்றத்திலேயே நின்று இருமுவார். தேத்தண்ணி கொடுத்தால், "இப்பதான் குடிச்சேன்" என்று கையைக் காட்டிவிடுவார். அவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான் நீண்டிருக்கிறது.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து வந்த அவர், குனிந்து நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து கிளாசை வாங்கி, ஊதி ஊதி, அடிவரை குடித்தார்.

"ஜெயந்தினி, நீங்க ஒரு ஒதவி செய்யணும்."

நீங்களா? பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது அவளுக்கு.

"பெரிய வியாழக்கெழம சீடருங்க காலக் கழுவுற சடங்குல பன்னெண்டு பேருல நீங்களும் ஒக்காரணும். புது பாதர் பொம்பளைங்களும் வேணும்ங்கறாரு. நாந்தான் ஒங்க பேரச் சொன்னேன்."

அவள் வாய் திறப்பதற்குள் அடுப்படியில் குந்தியிருந்த புருசன் சின்னராசா, "சரிங்க ஐயா, வருவா" என்றான். சொல்லிவிட்டு அடுப்புச் சாம்பலைக் கிளறினான்.

சவரிநாதன் எழுந்தார். "அப்பறம் மக கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டிருந்தீங்கல்ல சின்னராசா. பாத்துக்கலாம்."

அவர் படியேறிப் போகிறவரை ஜெயந்தினி வாசலிலேயே நின்றாள்.

சின்னராசாவின் பாட்டன் தோட்டத்தில் வாசக்கூட்டி. லயத்துச் சாக்கடைக் கான்களையும் கக்கூசுகளையும் கழுவியவர். இப்போது சின்னராசா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், ஜெயந்தினி கொழுந்து பறிக்கிறாள், மகள் சுதர்ஷினி கொட்டகலையில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் தோட்டத்துக்கு அது வாசக்கூட்டி வீடுதான். கோயிலில் எல்லாருக்கும் ஒரே பாட்டு, ஒரே நற்கருணை. அவர்களுக்குப் பெஞ்சு மட்டும் கடைசி.

சுதர்ஷினிக்கு ராகலையில் மாப்பிள்ளை. தவக்காலத்தில் கல்யாணம் கூடாதென்பதால் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வைத்திருந்தார்கள். சபை மண்டபத்துக்காகச் சின்னராசா பல தடவை போய் நின்றும் "பாப்போம், பாப்போம்" என்றே சொன்ன மனிதர், இன்றைக்குத் தானாக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

"அம்மா முன்வரிசையில!" என்று மகள் குதித்தாள். "நான் போட்டோ எடுத்து ராகலைக்கு அனுப்புறேன். என்னாம்மா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"அவரு ஏன் உள்ள வந்தாரு?"

"வந்தாலும் குத்தமா? வராட்டியும் குத்தமா?"

ஜெயந்தினி அவர் குடித்த கிளாசைக் கழுவ எடுத்தாள். அவள் அதிகம் பேசுகிறவளல்ல. ஒன்றை மனதில் போட்டால் தேயிலை நிரை முழுவதும் அதையே புரட்டிக்கொண்டு நடப்பாள்.

புதன்கிழமை மாலை கோயிலில் ஒத்திகை. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் உட்காரப் பன்னிரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். முதலாவது, கை வைத்த மரக்கதிரை. அது சீடர்களில் முதல்வரான இராயப்பருடையது. அதில் எப்போதும் சவரிநாதன்தான். மற்றவை பிளாஸ்டிக். பக்கக் கதவோரம் இருந்த கடைசிக் கதிரையை அவளுக்குக் காட்டினார்கள்.

புதிதாக வந்திருந்த சுகிர்தன் பாதர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, வேகமான மனிதர். "செம்பாலை தண்ணி ஊத்துற வேலை இந்த முறை வேண்டாம்" என்றார். "ஒரே பாத்திரம், ஒரே தண்ணி. எல்லாரும் அதுக்குள்ளை காலை வையுங்கோ. இயேசு ஆளுக்கொரு தண்ணி மாத்தேல்லை."

"அப்பிடியே செஞ்சிரலாம் பாதர்" என்ற சவரிநாதன், கடைசிக் கதிரை சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

ஜெயந்தினிக்கு விளங்கிவிட்டது. கடைசி ஆள் கால் வைத்த பிறகு அந்தத் தண்ணீர் வேறு யார் காலையும் தொடாது. விளங்கியதும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, பழகிய வலிதானே. ஆனால் பாதி வழி இறங்குவதற்குள் சந்தேகம் மறுபடி தலை தூக்கியது. கடைசியில் உட்கார வைக்கத்தான் வேண்டுமென்றால் 'கடைசியில் உட்கார்' என்று சொன்னால் போதும். அதற்குப் போய் அந்த மனிதர் வாசக்கூட்டி வீட்டில் வாய் நனைப்பாரா?

மறுநாள் காலை, பெரிய வியாழன், பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த ராசம்மாவிடம் கேட்டாள். ராசம்மா நடு லயத்துக்காரி, அதே கோயில். வாயில் எதுவும் தங்காது. ஆனால் அன்றைக்கு ராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னாக்கா, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒங்க வாயில ஒண்ணுமில்லன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்."

ராசம்மா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை விழுங்கினாள். "சொன்னா நான் சொன்னேன்னு சொல்லப்படாது. அது யூதாசு கதிரைடி."

"என்னாது?"

"பன்னெண்டாவது ஆளு யாரு? காட்டிக் குடுத்தவன்தானே? போன வருசம் அதுல கஜேந்திரன் ஒக்காந்தான். ஒக்காந்து கொஞ்ச நாள்ல குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சு வந்தான். அதுக்கு முந்துன வருசம் தம்பு மாமா. அவரு வீட்டு மேலதான் மண்ணு சரிஞ்சிச்சு. இந்த வருசம் ஒருத்தனும் ஒக்கார மாட்டேன்னுட்டான். சவரிநாதன் வீடு வீடா ஏறி எறங்குனாரு."

ஜெயந்தினியின் கை கொழுந்தின் மேல் நின்றது.

"அப்பறம் எங்க வீடு எப்பிடி ஞாபகம் வந்துச்சாம்?"

ராசம்மா கூடையைச் சரிசெய்தாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள். "அவங்களுக்கு இதுக்கு மேல என்னா கெட்டது வந்துறப் போகுதுன்னாரு. கமிட்டியில எல்லாரும் சிரிச்சாங்களாம்."

அதன் பிறகு இருவரும் கொழுந்து நிறுக்கும் இடம்வரை கூடையைச் சுமந்து நடந்தார்கள்.

வீட்டில் சின்னராசா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். ஜெயந்தினி எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குத் தெரியுமா?"

என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி துணிக்குள் போய் வெளியே வந்தது. மறுபடியும் போனது. வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"மண்டபம் தாறேன்னாரு" என்றான் கடைசியில்.

"அதுக்கு?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து லயத்துல நின்னா என்னா நெனப்பாங்க? ஒரு கதிரதான புள்ள. ஒக்காந்து எந்திரிக்கப் போற."

"அப்ப நீங்க ஒக்காருங்களேன்."

ஊசி நின்றது.

அவள் காத்திருந்தாள். நிமிர்ந்து பார்ப்பான் என்று நினைத்தாள், பார்க்கவில்லை. அவனுக்கும் அந்தக் கதிரையென்றால் பயம். அவனுடைய பயத்தையும் சேர்த்துச் சுமக்கத்தான் அவளை அதில் உட்காரச் சொல்லியிருக்கிறான்.

யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று விநோதமாகப் பட்டது. அந்த இரவில் ஆண்டவர் யூதாசுடைய காலையும்தான் கழுவினார். தன்னை விற்கப் போகிறவன் என்று தெரிந்தே குனிந்து கழுவினார். அந்தக் கதிரைக்கு அவர் பயப்படவில்லை, அதன் முன்னால் முழங்காலில் நின்றார். அவர் பெயரைச் சொல்லிக் கோயில் நடத்துகிறவர்களுக்குத்தான் பயம்.

"மண்டபம் வேணாம்" என்றாள். "நம்ம வாசல்லயே பந்தல் போடுவோம். வாறவங்க வரட்டும்."

"புள்ள, வம்பு பண்ணிறாத."

அவள் சேலை மாற்றப் போனாள்.

கோயில் கேட்டில் பொலிஸ்காரர் ஒருவரும் சவரிநாதனும் நின்றார்கள். கோயில்களில் குண்டுகள் வெடித்த அந்த 2019 ஈஸ்டருக்குப் பிறகு பெரிய வாரம் முழுவதும் பைகளைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பொறுப்பைச் சவரிநாதன் யாரிடமும் கொடுப்பதில்லை. ஜெயந்தினியின் பையிலும் கையை விட்டுத் துழாவினார்.

"வாங்க, வாங்க. கடைசிக் கதிர, தெரியுமில்ல?"

"தெரியும்ங்க ஐயா. எல்லாம் தெரியும்."

அவர் அதற்குள் அடுத்த பையைத் திறந்துவிட்டார்.

கோயிலுக்குள் பாடகர் குழு சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயந்தினி நடுவழியே நடந்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். இராயப்பருடைய மரக்கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அதன் கைகள் மேல் வைத்தாள்.

முதலில் வந்தவன் கஜேந்திரன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"ஏய் ஜெயந்தி, இது ஒன் எடமில்ல."

"எது என் எடம்ணே? நீங்களே சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அவன் வாயைத் திறந்தான். பெஞ்சுகளில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவன் கடைசிக் கதிரையை ஒரு பார்வை பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டென்று இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்தவர்களும் கிசுகிசுத்தார்கள், முறைத்தார்கள். ஆனால் கதிரைகள் குறையக் குறைய அவர்கள் முறைப்பதை விட்டுவிட்டு இடம் பிடித்தார்கள். தம்பு மாமாவுக்கு வயதுக்கு மீறிய வேகம் வந்தது.

மணி அடித்தது. பாதர் பீடத்துக்கு வந்துவிட்டார். கேட்டை மூடிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்த சவரிநாதனுக்கு, பக்கக் கதவோரத்துக் கதிரை மட்டும்தான் மிச்சமிருந்தது.

அவர் அதன் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. வேத வாசகங்கள் முடிந்து பாதர் பாத்திரத்தை எடுக்கிற வரைக்கும் நின்றார்.

"ஏன் ஐயா நிக்கிறியள்? கதிரை இருக்குத்தானே, இருங்கோ."

"பரவால்ல பாதர், நான் நிக்கிறேன்."

பாதர் வரிசையை முழுவதும் பார்த்தார். முதல் கதிரையில் இருப்பது யாரென்று பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியளோ?" என்று சனங்களிடம் திரும்பினார். "வருசா வருசம் முதல் கதிரையிலை இருந்தவராம் எங்கடை தலைவர். இண்டைக்கு அதை ஒரு சகோதரிக்கு விட்டுக் குடுத்திட்டு, தான் கடைசிக்குப் போயிருக்கிறார். இதுக்கு மேலை நான் என்ன பிரசங்கம் வைக்கிறது?"

பின்பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று. சவரிநாதன் கதிரையின் விளிம்பில், பாதி உடம்பால் உட்கார்ந்தார்.

பாதர் ஜெயந்தினியின் முன்னால் மண்டியிட்டார். தேயிலைத் தூரில் கிழிபட்டு வெடித்த அவள் கால்கள் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின. அவர் கழுவித் துடைத்தார். பிறகு பாத்திரத்தைக் கஜேந்திரன் முன்னால் நகர்த்தினார். கஜேந்திரன் தண்ணீரைப் பார்த்தான், சனங்களைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தான். அடுத்தவரும் வைத்தார். எதற்காக மறுக்கிறோம் என்று பீடத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. பாத்திரம் ஒவ்வொரு கதிரையாக நகர்ந்து கடைசிக் கதிரைக்கு வந்தது.

சவரிநாதனின் வலது கால் உயர்ந்து, தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

பாதர் காத்திருந்தார். கூரைத் தகரத்தில் காற்று அடித்துப் போனது. கழுவி முடித்த பதினொரு பேரில் பத்துப் பேர் தங்கள் தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஐயா?"

"தண்ணி... ரொம்பக் குளுருது பாதர்."

"இல்லீங்க பாதர்." முதல் கதிரையிலிருந்து வந்த குரல் உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. "மொதல்ல நாந்தானே வச்சேன். நல்ல எதமா இருந்துச்சு."

சுகிர்தன் பாதர் முழங்காலில் நின்றபடியே அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தார்.

அது இன்னும் நனையவே இல்லை.