பேர் சொல்லி ஜெபம்

எங்கள் அம்மா ஆண்டவரிடம் எதைக் கேட்டாலும் விலாசத்தோடு கேட்பாள். "பேர் சொல்லாம ஜெபிச்சா யாருக்குன்னு அவருக்கு எப்படிப் புரியும்?" என்பாள். சர்வ வல்லவருக்கு நம்ம தெரு தெரியாதா என்று நான் கேலி செய்வேன். அந்தக் கேலியெல்லாம் போன வியாழக்கிழமையோடு தீர்ந்துபோனது.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஆம்பூரில் எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் முறை வைத்து வீடு வீடாக நடத்துவது அது. பாட்டு, வசனம், பிறகு ஜெபக் குறிப்பு. ஆளாளுக்குத் தங்கள் குறையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்காகச் சத்தமாக ஜெபிப்பார்கள். வர முடியாதவர்களும் கேட்கட்டும் என்று ஹெலன் அக்கா போனைப் பாயின் நடுவில் வைத்துப் பதிவு செய்து, ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் போடுவாள். இது பல வருஷ வழக்கம். அந்தப் போன் அங்கே இருப்பதே எங்கள் கண்ணுக்குப் படாது.

அம்மாவின் முறை வந்தால், "என் மகன் ஜோவினுக்கு நல்ல சுகம் வேணும்" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வாள். அன்றைக்குக் கண்ணை மூடியவளுக்கு வாய் நிற்கவில்லை.

"கர்த்தாவே, என் புள்ள ஜோவின் மாத்திரையக் கரைச்சு ஊசி போட்டுக்குறான்பா. கையெல்லாம் பொத்தலாப் போச்சு. பக்கத்துத் தெரு ஆல்வின் செத்த மாதிரி இவனும் செத்துப் போய்டுவானோன்னு பயமா இருக்குது. என் ஜோவினைக் காப்பாத்துங்கப்பா."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் இன்னும் சத்தமாக அழுதாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும், ஜோவினுக்காக, ஜோவினுக்காக என்று கை உயர்த்தினார்கள். ஒருத்தருடைய அழுகையும் பொய்யில்லை. நான் மட்டும் கை உயர்த்தவில்லை.

ஏனென்றால் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

என் தம்பி ஜோவினும் அந்த ஆல்வினும் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். அதே கம்பெனியில் நான் தையல் லைனில் சூப்பர்வைசர். ஆர்டர் நெருக்கத்தில் ஓவர்டைம் பார்த்துத் தோள் விட்டுப்போகும். யாரோ ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை. முதலில் வலிக்குப் போட்டார்கள், பிறகு அது இல்லாவிட்டால் வலித்தது. பையன்கள் சேர்ந்து பணம் போடுவார்கள், வண்டி வைத்திருக்கிறவன் ஆலங்காயம் பக்கம் போய் வாங்கி வருவான். வண்டி வைத்திருந்தவன் ஜோவின். ஆல்வின் செத்த அன்றைக்கு அவன் போட்டுக்கொண்டதையும் ஜோவின்தான் வாங்கி வந்திருந்தான். அடக்கம் முடிந்து வந்து என் மடியில் தலையை வைத்துச் சொன்னான். நண்பர்களுக்கு அவன் தோஸ்த்து, போலீஸ் கணக்கில் வியாபாரி. ஆல்வின் கேஸில் அவர்கள் தேடிக்கொண்டிருந்ததும் அந்த வியாபாரியைத்தான்.

எங்கள் கம்பெனி முதலுதவி அறை நர்ஸ் நிஷாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். காட்பாடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் பேர் சொல்லாமல் பேசி வைத்தாள். "சனிக்கிழமை காலைல கூட்டினு வாங்க மேடம். அவனா இஷ்டப்பட்டு வரணும். அங்க போலீஸுக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க" என்றாள். ஜோவினும் சரி என்றுவிட்டான். வாங்குவதையும் அன்றே நிறுத்தினான். சனிக்கிழமை வரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று இருந்தேன். அம்மா அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். முதலில் ஹெலன் அக்காவின் புருஷன் பிரேம்நாத். எதிர்க்கட்சியில் நகரப் பொறுப்பு. அவருக்கு நாற்காலி போட்டு முடிப்பதற்குள் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் சுந்தரமூர்த்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு என்பதை நான் அப்போதுதான் யோசித்தேன். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜோவின் உள்ளறையில் இருந்தான். நடுவில் ஒரு துணித் திரைதான். மாத்திரையை நிறுத்தினால் உடம்பு என்ன பாடு படும் என்று நான் அந்த வாரம்தான் பார்த்தேன். மூக்கு ஒழுகுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, குளிரில் பல் அடித்துக்கொள்கிறது, கால் தானாக உதைத்துக்கொள்கிறது. வந்தவர்களின் குரல் கேட்டதும் அவன் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். நான் திரையை இழுத்து மூடிவிட்டு அதன் முன்னால் நின்றேன்.

"ஜெயசீலி அக்கா, நாளைக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆர்ப்பாட்டம் வெச்சிருக்கோம். நீங்க மேடையில வந்து ரெண்டு வார்த்தை பேசணும். ஒரு தாய் பேசினாதான் இந்த கவர்மென்டுக்கு ஒறைக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார் பிரேம்நாத்.

"இன்னா பிரேம்நாத், வயசான அம்மாவ மேடை ஏத்தி ஓட்டு வாங்கப் போறியா?" சுந்தரமூர்த்தி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நாங்க நடவடிக்கை எடுக்காமலா இருக்கோம்? எவ்ளோ பேர புடிச்சு உள்ள போட்டிருக்கோம்! குண்டர் சட்டம் பாய்ஞ்சாதான் இந்தப் பசங்களுக்குப் பயம் வரும்."

"புடிக்கிறது யாரண்ணா? ஊசி போட்டுக்குறவன. லோடு எறக்குறவன் ஜாலியா சுத்தினு இருக்கான். ஜெயில்ல போட்டா நோய் தீருமா? ஆஸ்பத்திரியில தனி வார்டு வேணும், டாக்டர் வேணும்."

"வார்டு தொறந்தா நாளைக்கே ஊரெல்லாம் போதைன்னு நீங்கதானே போஸ்டர் ஒட்டுவீங்க?"

இப்படியே போனது. டிவியில் பார்க்கிற விவாதம் எங்கள் முன்னறையிலேயே நடந்தது, டீ மட்டும் எங்களுடையது. அவ்வளவு பயத்திலும் எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தில் ஒரு துளிகூடத் திரைக்குப் பின்னால் போகவில்லை. உள்ளே கட்டில் கால் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நான் இருமினேன். மறுபடி தட்டியது, மறுபடி இருமினேன்.

"வார்டெல்லாம் இருக்கட்டும்ணா. இன்னைக்கு ஒரு பெட் வாங்கித் தர முடியுமா, ரெண்டு பேர்ல ஒருத்தர்?" என்று கேட்டேன்.

அம்மா மேடைக்கு வந்தால் கலெக்டர் வரை பேசலாம் என்றார் பிரேம்நாத் அண்ணன். சுந்தரமூர்த்தி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஷர்மிளா, உன் தம்பிய நான் பாத்துக்குறேன். அவன் ஒரே ஒரு ஒத்தாச பண்ணட்டும். ஆல்வினுக்கு அன்னைக்கு யார் வாங்கினு வந்து குடுத்தாங்கன்னு மட்டும் ஸ்டேஷன்ல வந்து சொல்லிடட்டும். அதோட உட்டுடுவாங்க. அவங்க ரெண்டு பேரும் தோஸ்த்துதானே, தெரியாம இருக்காது."

திரைக்குப் பின்னால் சத்தம் சுத்தமாக நின்றுபோனது. கால் உதைப்பதைக்கூட அவன் எப்படி அடக்கினான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "அவன் வீட்ல இல்லண்ணா, வந்தா சொல்றேன்" என்றேன். சுந்தரமூர்த்தி வாசலில் கிடந்த ஜோவினின் செருப்பைப் பார்த்தபடியே தன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை அம்மாவிடம் மேடைக்குப் போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஜோவினுக்கு ஸ்வெட்டர் போட்டு, காட்பாடி பாசஞ்சரில் ஏற்றினேன். பிளாட்பாரத்தில் காக்கியைப் பார்த்தபோதெல்லாம் அவனைத் தூணுக்குப் பின்னால் தள்ளினேன். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்ட பையனை யார் பார்க்கமாட்டார்கள்? "ஃபீவர்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி பச்சக்குப்பம் தாண்டியதும்தான் மூச்சு வந்தது.

மேல்பட்டியில் ஏறிய ஒரு பெண் எதிரே உட்கார்ந்து போனைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். ஆம்பூர் ஆர்ப்பாட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேம்நாத் அண்ணனின் குரல் கேட்டது. "அந்தத் தாய் இங்க வர முடியல. மிரட்டியிருக்காங்க. ஆனா அவங்க கண்ணீர் வந்திருக்குது. கேளுங்க மக்களே!"

பிறகு மைக்கில் எங்கள் அம்மா அழுதாள்.

கர்த்தாவே, என் புள்ள ஜோவின். மாத்திரையக் கரைச்சு ஊசி போட்டுக்குறான்பா. பக்கத்துத் தெரு ஆல்வின் செத்த மாதிரி. என் ஜோவின். என் ஜோவின்.

ஹெலன் அக்காவின் போனில் இருந்த எங்கள் வியாழக்கிழமை. அந்தப் பெண் 'உச்' கொட்டினாள். "யார் பெத்த புள்ளையோ! இவனுங்களையெல்லாம் புடிச்சு உள்ள வெச்சாதான் அந்தம்மா நிம்மதியா தூங்கும்" என்று என்னிடமே சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். பயம் மனுஷியை எதற்கெல்லாம் தலையாட்ட வைக்கிறது!

திரும்பினால் பக்கத்தில் ஜோவின் இல்லை. கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். குடியாத்தம் ஸ்டேஷனுக்காக வண்டி மெதுவாகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவன் ஸ்வெட்டரைப் பிடித்தேன்.

"உட்டுடுக்கா. ஆல்வின் அம்மாவும் கேட்டிருப்பாங்க. போலீஸ் ஆஸ்பத்திரிக்கே வந்துடும். நான் எங்கியாவது போய்ட்றேன்."

"எங்கடா போவ? இந்த ஒடம்ப வெச்சினு எங்க போவ?"

"ஒரே ஒரு மாத்திர போட்டா நடுக்கம் நின்னுடும். அப்புறம் யோசிக்கலாம்."

அப்போது வந்த பயம்போல் என் வாழ்க்கையில் வந்ததில்லை. போலீஸ்கூட இல்லை, அந்த ஒரே ஒரு மாத்திரை. இறங்கினால் இவன் வாங்குவான், போடுவான், ஏதாவது ஒரு கக்கூஸில் கிடப்பான். நான் ஸ்வெட்டரை விடவில்லை. வண்டி நின்றதும் அவன் ஒரு காலைப் பிளாட்பாரத்தில் வைத்தான். இழுத்தேன், பிறகு இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னையும் இழுத்துக்கொண்டு இறங்க அவன் உடம்பில் தெம்பில்லை. வண்டி கிளம்பியது. காட்பாடி வரை அப்படியே கட்டிக்கொண்டு வந்தேன். அவன் என் தோளில் வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் நிஷா சொன்ன நர்ஸ் பூர்ணிமா காத்திருந்தாள். நல்ல முகம். அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள். யாரும் அவனை அப்படித் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அழுகை வந்தது.

"பயப்படாத தம்பி. இனி நாங்க பாத்துக்குறோம். உன் பேர் இன்னா?"

அவன் என்னைப் பார்த்தான். சுவரில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பூர் ஆர்ப்பாட்டம் செய்தியில் வந்துவிட்டதா, வரப்போகிறதா, தெரியவில்லை.

"ஆல்வின்" என்றான் அவன்.

பூர்ணிமா எழுதிக்கொண்டாள். "வா ஆல்வின்" என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனாள். அவன் அந்தப் பேருக்குத் திரும்பினான், நடந்தான். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால், செத்தவனே இன்னொரு முறை செத்ததாக எழுதுவார்கள். என் தம்பி அந்தக் காகிதத்தில் எங்கேயுமே இருக்கமாட்டான்.

அப்போது அம்மா போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"போலீஸ் வந்துட்டுப் போச்சுடி. சுந்தரமூர்த்தியும் கூட வந்தாரு. எங்க போய்ட்டான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். வாழ்க்கையில முதல் தடவ பொய் சொல்லிட்டேன். சேத்துட்டியா?"

"சேத்துட்டேம்மா."

"ஸ்தோத்திரம். இப்பவே குரூப்புல போட்டு எல்லாரையும் ஜெபிக்கச் சொல்றேன்."

"அம்மா! யாருக்கும் சொல்லாத. அந்தப் பேரையே எடுக்காத."

"பேர் சொல்லாம எப்படிடி? நானாவது ஜெபிக்க வேணாவா?"

"ஆல்வின்னு சொல்லி ஜெபிம்மா. அவன் இங்க அந்தப் பேர்லதான் இருக்கான்."

"செத்தவன் பேர ஏன்டி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆல்வினுக்கு வாங்கி வந்தது யார், போலீஸ் எதற்கு வந்தது என்பதெல்லாம் அவளுக்கு அந்த இடத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். பிறகு என் அம்மா போனை வைக்காமலே, மெதுவாக, அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"கர்த்தாவே, ஆல்வினுக்காக. ஆல்வினைக் காப்பாத்துங்கப்பா. என் ஆல்வினை மன்னிச்சிடுங்கப்பா."