இரண்டாம் வருடத்துக்கு வழியில்லை

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இரண்டாம் வருடப் பாடங்களுக்கான பதிவு தொடங்கியது. ஒன்பது மணிக்கு ஒரு மாணவி வந்து கணிதத் துறை அலுவலக யன்னலைத் தட்டினாள். பத்து மணிக்கு அந்த யன்னலடியில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். அந்த வகுப்பே அவ்வளவுதான்.

தயாளினி அப்போதுதான் பூவரசங்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. இதே வளாகத்தில் படித்து, இதே துறையில் எட்டு மாதமாகத் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறாள். ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் தொடர்ந்து வருவாள். இல்லாவிட்டால் ரியூஷன் கொடுக்க வேண்டியதுதான்.

அலுவலக உதவியாளர் ராஜினி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"மிஸ், கொம்பியூட்டர் ஒரு பிள்ளையையும் உள்ள விடுதில்லை."

"நெற் இல்லையோ அக்கா?"

"நெற் நல்லா இருக்கு. வந்து பாருங்கோ."

ராஜினி தன் கதிரையில் இருந்து, முதலில் வந்த மாணவி வினோஜாவின் பெயரைத் திறந்து வகையீட்டுச் சமன்பாடுகள் என்ற பாடத்தை அழுத்தினார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: முதலில் 'எண்சார் முறைகள்' சித்தியடைந்திருக்க வேண்டும். எண்சார் முறைகளை அழுத்தினார். முதலில் 'ஏகபரிமாண அட்சரகணிதம்' சித்தியடைந்திருக்க வேண்டும். அதையும் அழுத்தினார். முதலில் 'வகையீட்டுச் சமன்பாடுகள்' சித்தியடைந்திருக்க வேண்டும்.

"காலமையில இருந்து இதில மூண்டு தரம் சுத்தி வந்திட்டன் மிஸ். எனக்குத் தலை சுத்துது. மற்றப் பாடம் எல்லாம் பதியுது. இந்த மூண்டும்தான் ஒண்டை ஒண்டு காட்டிக்கொண்டு நிக்குதுகள்."

தயாளினி மேசையில் கிடந்த பழைய கடித உறையொன்றின் பின்புறத்தில் மூன்று வட்டம் போட்டாள். ஒவ்வொரு பாடத்துக்கும் அதற்கு முன் படிக்க வேண்டிய பாடத்திலிருந்து ஓர் அம்புக்குறி கீறினாள். மூன்றாவது அம்புக்குறி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. அவள் உறையைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

ஏனென்றால் அந்தப் பாடத்திட்டத்தைத் தொகுத்தவள் அவள்தான்.

போன வருடம் துறைத் தலைவர் சொன்னார்: "ஒவ்வொருத்தரிட்டையும் அவையின்ர பாடத்துக்கு என்ன முன்பாடம் வேணும் எண்டு கேளும். சொல்லுறதை அப்பிடியே எழுதும்." அவள் கேட்டாள், சொன்னதை அப்படியே எழுதினாள், எழுத்துப் பிழைகூட விடவில்லை. ஒவ்வொரு விரிவுரையாளரும் தன் பாடம் இருந்த பக்கத்தை மட்டும் வாசித்து, சரியென்று கையொப்பம் வைத்தார். பீடச் சபையில் பதினொரு நிமிடத்தில் நிறைவேறியது. அதில் நாலு நிமிடம் தேநீரோடு வந்த பற்றிஸைச் சாப்பிடுவதில் போனது. மூன்று பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

"பழையபடி மாத்தேலாதோ அக்கா?"

"மூண்டில ஒரு பாடத்தைப் படிப்பிக்கிற ஆள் 'எனக்கு முன்பாடம் வேண்டாம்' எண்டு கையொப்பம் வைக்க வேணும். பிறகு துறைத் தலைவர் வைக்க வேணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பதிவு மூடுது. அதுக்குள்ள இதில ஒண்டையாவது தொடங்காட்டி இந்தப் பிள்ளையளுக்கு அரை வருசம் பிந்தும்."

மத்தியானத்துக்குள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றத் தொடங்கியது. தன் வாலைத் தானே துரத்தும் நாய். கீழே எழுதியிருந்தது: 'கணித சிறப்புப் பட்டம், இரண்டாம் வருடம்.' அதைத் தயாளினிக்குக் காட்டியதும் ராஜினிதான்.

அவள் முதலில் விமலேஸ்வரி மிஸ்ஸிடம் போனாள். ஏகபரிமாண அட்சரகணிதம் அவருடையது. வீட்டில் தாயாரைவிட வளாகத்தில் இவரிடம்தான் தயாளினிக்குச் செல்லம் அதிகம். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் மிஸ் சோக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலாது பிள்ளை. ஐகன் பெறுமானம் படிப்பிக்கேக்க ஒவ்வொரு வருசமும் ஒருத்தன் எழும்பி, 'மிஸ், இதால என்ன பிரயோசனம்?' எண்டு கேப்பான். நான் ஊஞ்சல் ஆடுறதை வைச்சு விளங்கப்படுத்துவன். அதுக்கு வகையீட்டுச் சமன்பாடு தெரிய வேணும். ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு என்ர பாடத்தை நிப்பாட்டிப்போட்டு அவரின்ர பாடத்தைப் படிப்பிக்கிறன். அஞ்சு விரிவுரை! வருசா வருசம்! அதுக்கு அவர் எனக்கு ஒரு நன்றி சொன்னவரே?"

'அவர்' என்பது துறைத் தலைவர் செல்வநாயகம். இருவருக்கும் பகையில்லை. பதினேழு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

செல்வநாயகம் சேரின் அறைக்கு முன்னால் தயாளினி இரண்டு தரம் தண்ணீர் குடித்தாள். மாணவியாக இருந்தபோதும் அந்தக் கதவுக்கு முன்னால் அப்படித்தான் குடிப்பாள். உள்ளே போய் நின்று, கடித உறையில் கீறிய வட்டங்களைக் காட்டி, விமலேஸ்வரி மிஸ் சொன்ன ஐந்து விரிவுரைக் கதையையும் சொன்னாள். அவர் உறையை வாங்கி, கண்ணாடிக்கு மேலாலும் கீழாலும் பார்த்தார்.

"நீர்தானே இதைத் தொகுத்தனீர்?"

"ஓம் சேர்."

"கணிதம் படிச்ச பிள்ளை. இது வட்டமாப் போகுது எண்டு தெரியேல்லையே?"

அவளுக்குக் காது சுட்டது. சபையில் அவரும்தான் இருந்தார் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"உலகத்தில இருக்கிற வகையீட்டுச் சமன்பாடுகளில முக்கால்வாசியைக் கையால தீர்க்கேலாது," என்றார் அவர். "பிள்ளையள் 'அப்ப விடை இல்லையோ சேர்?' எண்டு கேக்குதுகள். விடை இருக்கு. கையால பிடிக்கேலாது, எண்சார் முறையாலதான் கிட்டப் போகலாம். அது தெரியாமல் என்னட்டை வந்தால் நான் என்ன செய்யிறது? தவராசாவை மாத்தச் சொல்லும்."

எண்சார் முறைகள் படிப்பிக்கும் தவராசா சேர் விடுமுறையில் நின்றார். காலபோக நெல் வெட்டு. மல்லாவிப் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் வயல், வெட்டு நாட்களில் போனைத் தொடவே மாட்டார். செவ்வாய் முழுவதும் அழைத்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமை காலை அவள் மல்லாவி பஸ்ஸில் ஏறினாள்.

தவராசா சேர் சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயுடன் ஒரு சாக்கின்மேல் குந்தியிருந்தார். வெட்டு மெசின் அடுத்த வயலில் பெல்ற் அறுந்து நின்றது. அது வரும்வரை அவருக்கு வேலையில்லை. அதனால் வளாகத்தில் பத்து வருடத்தில் சொல்லாத அளவுக்கு அன்று கதைத்தார். தயாளினி சொல்லி முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூண்டு பேரும் கையொப்பம் வைச்சனாங்களே! நானும் வைச்சனானே!"

"நீங்கள்தான் சேர் கடைசி. நீங்கள் விட்டுக் குடுத்தால்..."

"பிள்ளை, நீ என்னட்டைப் படிச்சனி. நீயே சொல்லு. என்ர பாடத்தில முதல் நாளே ஆயிரம் சமன்பாட்டை ஒருமிக்கத் தீர்க்கிறம். தாயம், அதுதான் விமலேஸ்வரி படிப்பிக்கிற மற்றிக்ஸ், தெரியாத பிள்ளைக்கு அதை எப்பிடிக் காட்டுறது?"

அவள் யோசித்தாள். மனதுக்குள் ஒரு விரிவுரையைத் தாயம் இல்லாமல் நடத்திப் பார்த்தாள். இரண்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டாள்.

"ஏலாது சேர்," என்றாள்.

"பாத்தியே! அப்ப மற்ற ரெண்டு பேரில ஒராள்."

"ஆர் சேர்?"

"அதை நான் சொல்ல மாட்டன். எனக்கு அந்த ரெண்டு பேரோடயும் தேத்தண்ணி குடிக்க வேணும்."

அப்போது பெல்ற் மாட்டிய மெசின் உறுமிக்கொண்டு வரம்பேறி வந்தது. அவர் எழுந்து ஓடினார். ஓடும்போதே மனைவியைக் கூப்பிட்டு, "பிள்ளையை வெறுங்கையோட விடாதை!" என்று கத்தினார். அவர் மனைவி ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து தந்தார். எட்டுக் கிலோவாவது இருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் சனம். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு மாங்குளம் வரை தயாளினி தன்மேலேயே கோபப்பட்டாள். மாங்குளத்துக்குப் பிறகு வேறொரு யோசனை வந்தது. அவள் படித்த காலத்தில் இந்த முன்பாடச் சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. மூன்றையும் படித்தாள், மூன்றிலும் சித்தி. அப்போது எங்கே இடறினாள்? விமலேஸ்வரி மிஸ்ஸின் ஊஞ்சலில் இடறினாள், நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஐந்து விரிவுரையும் விளங்காமலே எழுதியெடுத்தாள். செல்வநாயகம் சேரின் பாடத்தில்? எண்சார் முறை தெரியாமல் ஒரு நாளாவது அந்தரப்பட்டாளா? ஒரு நாளும் இல்லை. அது எப்படி?

வியாழக்கிழமை காலை நூலகத்தில் பழைய பரீட்சைத் தாள்களின் கட்டை இறக்கினாள். பத்து வருடத் தாள்கள். பத்தரைக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அது தவராசா சேர் பெயராகவே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தாள். வயலில் இருப்பவரிடம் சொல்வது லேசு.

அன்று தண்ணீர் குடிக்க மறந்துபோய் செல்வநாயகம் சேரின் அறைக்குள் போனாள்.

"சேர், விமலேஸ்வரி மிஸ்ஸின்ர பேப்பரில பத்து வருசமும் வகையீட்டுச் சமன்பாடு வந்திருக்கு. கட்டாயக் கேள்வியில. உங்கட பேப்பரில எண்சார் முறை ரெண்டு தரம்தான் வந்திருக்கு. ரெண்டு தரமும் ஆறாவது கேள்வி. விரும்பினால் எழுதலாம், விட்டால் விடலாம்."

செல்வநாயகம் எழுந்து, அலுமாரியைத் திறந்து, புள்ளிப் பதிவேடு இரண்டை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். முதலாவதில் ஆறாம் கேள்விக்கு நேரே ஒரு புள்ளியும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒருவரும் தொடவில்லை.

"இந்த ரெண்டாவது உம்மட வகுப்பெல்லே?"

"ஓம் சேர்."

"நீர் ஏன் எழுதேல்லை? உமக்கு அதில எண்பத்தாறு. கெட்டிக்காரப் பிள்ளை."

"அதை நீங்கள் கடைசிக் கிழமை ஒரே விரிவுரையில முடிச்சனீங்கள் சேர். அண்டைக்கு நான் வரேல்லை."

"ஏன்?"

"வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சேர். ஒருத்தரும் வரேல்லை."

"நான் வந்தனான்," என்றார் செல்வநாயகம்.

தயாளினி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு மணித்தியாலம் படிப்பிச்சனான். பாட அட்டவணையில இருக்குதெல்லே. பிறகு கரும்பலகையை அழிச்சுப்போட்டு வந்தனான்."

அவர் சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் வயிற்றுக்குள் கிளம்பிய சிரிப்பை அடக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அடக்க முடியாமல் ஒரு சத்தம் மூக்கால் வந்துவிட்டது. அவ்வளவுதான், ஏப்ரல் போயிற்று என்று நினைத்தாள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு சத்தம் வந்தது. செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. விமலேஸ்வரி என்ர பாடத்தை அஞ்சு விரிவுரை படிப்பிக்கிறாவாம் எண்டனீரெல்லே?"

"ஓம் சேர்."

"அப்ப என்ர பாடம் இல்லாமல் அவாவின்ர பாடம் ஓடாது."

"ஓடாது சேர்."

"அவா இல்லாமல் தவராசாவின்ர பாடம் ஓடாது."

"ஓம் சேர்."

"ஆகத் தொடக்கம் நான்."

அவர் முகத்தில் பரவிய திருப்தியைப் பார்த்தபோதுதான், பத்து வருடத் தாள்களைக் கிளறாமல் 'தொடக்கம் நீங்கள்தான் சேர்' என்று திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கியது. அதை அவள் வெளியே காட்டவில்லை. அவர் பாடத்தின் முன்பாடம் வேண்டாமென்று விரிவுரையாளராக ஒரு கையொப்பமும் துறைத் தலைவராக இன்னொரு கையொப்பமும் வைத்தார். எண்சார் முறைக்கான அந்தக் கடைசி விரிவுரையை இனி இரண்டு கிழமையாக்கி, அதை அவளே படிப்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்படியென்றால் ஏப்ரலுக்குப் பிறகும் அவள் இருப்பாள். அவர் அதைச் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை.

படிவத்தில் 'திருத்தத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"தட்டச்சுப் பிழை எண்டு போடச் சொல்லும்," என்றார் சேர்.

தயாளினி படிவத்தோடு அலுவலகத்துக்கு வந்து அதைச் சொன்னதும் ராஜினி விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"ஆர் விட்ட பிழை?"

"சும்மா ஒரு பேச்சுக்கு அக்கா..."

"பதினாறு வருசம் இந்தக் கதிரையில இருக்கிறன். ஒரு புள்ளி பிழைச்சதெண்டு ஒருத்தர் சொல்லட்டும் பாப்பம். பாடம் படிப்பிக்கிறவை ஆளையாள் கேக்காமல் எழுதுவினம், பிழை டைப் அடிச்சவளிலயோ? நான் அடிக்க மாட்டன்."

"அப்ப தொகுத்ததில பிழை எண்டு போடுங்கோ. என்ர பேரைப் போடுங்கோ."

"உங்களையும் போடேலாது. ஏப்ரல் வருகுது." ராஜினி சற்று யோசித்தார். யன்னலுக்கு வெளியே வினோஜாவும் இன்னும் நாலைந்து பேரும் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் திரையைப் பார்த்து, ஒரு விரலால் நிதானமாக அடித்தார்: கணினிப் பிழை.

"இது திருப்பிக் கதைக்காதெல்லோ," என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படிவம் ஏறியது. வினோஜா முதல் ஆளாக வகையீட்டுச் சமன்பாடுகளை அழுத்தினாள். சிவப்பு எழுத்து வரவில்லை. யன்னலடியில் யாரோ விசிலடித்தார்கள். இரண்டரைக்கு நாற்பத்தொன்றும் பதிந்து முடிந்தது.

தயாளினி நடைபாதையால் போகும்போது விமலேஸ்வரி மிஸ் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"விட்டுக் குடுத்திட்டாராமே? என்ன சொன்னவர்?"

"தன்ர பாடம் இல்லாமல் உங்கட பாடம் ஓடாதாம் எண்டு சொன்னவர், மிஸ்."

விமலேஸ்வரி பக்கத்து அறைச் சுவரைப் பார்த்தார்.

"ஓடாதுதான்," என்றார் மெல்லிய குரலில். "ஆனா நான் சொன்னனான் எண்டு அவருக்குப் போய்ச் சொல்லிப்போடாதையும்."

"இல்லை மிஸ்," என்று சொல்லிவிட்டு, தயாளினி காலையில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டுப் பார்சலைத் தேடிப் போனாள்.