ஜாலான் லோம்போங் லாமாவின் அகலம்

1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஜாலான் லோம்போங் லாமா என்ற ரோடு இருபத்து நான்கு அடி அகலம் கூடியது. திங்கட்கிழமை காலையில் அறுபதடியாக இருந்ததை வியாழக்கிழமை மாலையில் எண்பத்து நான்கு என்று அளந்து எழுதியவர், ரோட்டு ஆபீசில் படம் வரையும் கஸ்பார். அளவுச் சங்கிலியைப் பிசகாகப் பிடிக்கிறவர் அல்ல அவர். மாதக் கடைசியில் கோழிமுட்டை பத்துக் காசு, கச்சாங் பூத்தே என்கிற வறுகடலைப் பொட்டலம் இருபது காசு, ரோட்டைக் கடக்க நாற்பது நிமிடம். ஆட்கள் தண்ணீர் போத்தலும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குக் கிளம்பினார்கள்.

இந்த அகலம் கடக்கிறவர்களுக்கு மட்டும்தான். காரில் போனவர்களுக்கு ரோடு எப்போதும்போலத்தான் இருந்தது. கொஞ்சம் தாராளமாக இருப்பதாகச் சிலர் சொன்னார்கள், அவ்வளவுதான். காரணத்தைக் கஸ்பார் ஒரு மாதம் ஓரத்தில் நின்று கண்டுபிடித்தார். குறுக்கே போகும் ஆளைப் பார்த்து ஒரு கார் ஹாரன் அடித்தால் ரோடு ஒரு சாண் விரிந்தது. லாரி அடித்தால் இரண்டு சாண். யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு ரோடு இடம் கொடுத்தது. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் கேட்டதே இல்லை. அகலம் கூடக் கூட ஓட்டுகிறவர்கள் இன்னும் வேகமாக மிதித்தார்கள், ஏனென்றால் கால் எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் கண்தான் சொல்கிறது, கண்ணோ ரோட்டின் அகலத்தைப் பார்த்துச் சொல்கிறது. வேகம் கூடியதும் ஹாரனும் கூடியது.

கச்சாங் பூத்தே விற்கிற மாயாண்டி மே மாதம் ஒரு மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்ச்சாரித் தியேட்டருக்குப் போனார். அவர் போய்ச் சேர்ந்த நேரம், காம்பாரிலிருந்து வந்த ஒரு கல்யாண ஊர்வலம் முப்பது கார்களோடு விடாமல் ஹாரன் அடித்துப் போனது. சாயங்காலம் ரோடு ஒன்றரை மைல். மூன்று தடவை இறங்கிப் பார்த்தார். மூன்று தடவையும் பாய்ந்து வந்த கார்களுக்குப் பயந்து கால்வாசி தூரத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினார். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் ஐயாவு அவருக்குப் பின்வரிசையில் படுக்க இடம் கொடுத்தார்.

இந்தப் பக்கம் அவர் மனைவி செல்லாயி. காலையில் வேலைக்குப் போகுமுன் ஓரத்தில் நின்று, சாப்பிட்டாயா என்று கத்துவாள். பதில் அந்தி சாயும்போது வந்து சேரும். முதல் வாரம் கவலைப்பட்டாள். இரண்டாவது வாரம், மனுஷன் தினம் இரண்டு ஆட்டம் சும்மா பார்க்கிறார் என்று தெரிந்ததும் கத்துவதைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் மகள் நல்லம்மாளுக்கு ஆவணியில் கல்யாணம் குறித்திருந்தது. தாரை வார்க்க அப்பன் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் தகப்பன் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். இருக்கிறார், எதிர்ச்சாரியில் இருக்கிறார் என்பதைச் செல்லாயி எப்படிச் சொல்லியும் அவர்களுக்கு விளங்கவில்லை.

ரோட்டு ஆபீஸ்காரர்கள் ஒரு மேம்பாலம் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் ரோடு இன்னும் விரிந்துவிட, அதன் மறுபக்கப் படிக்கட்டு ரோட்டின் நடுவில் இறங்கியது. அதில் மைனாக்கள் ஏறி இறங்கின. பிறகு பழைய முறைப்படி வரிக்குதிரைக் கோடு போடச் சொல்லி உத்தரவு வந்தது. கோடு போடும் கூட்டத்தில்தான் செல்லாயி வேலை பார்த்தாள்.

அதற்கு முன்னால் அவள் கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பத்தொன்பது வருஷம் பால் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபிறகுதான் டவுனுக்கு வந்தாள். விடிவதற்கு முன் வேலை, தலையில் விளக்கு, கையில் சீரான ஒரு இழுப்பு: தூரிகையைப் பிடித்ததும் கை தானாகப் பழைய வேலைக்குப் போய்விட்டது. வெளிச்சம் வந்தபோது, ரோட்டில் நேர்க்கோடுகள் இல்லை. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து இறங்கும் ஒரே நீளக் கோடு, அதன் முடிவில் செங்குத்தாக ஒரு வாய்க்கால், அடியில் பால் பிடிக்கும் மங்கு மாதிரி ஒரு வட்டம்.

கஸ்பார் வந்து பார்த்து நெற்றியைத் தேய்த்தார்.

"என்னாக்கா இது? நான் வரிக்குதிர வரஞ்சு குடுத்தேன். நீங்க பால்மரம் வெட்டி வச்சிருக்கீங்க."

"கைப்பழக்கம் கிராணி. அழிச்சிட்டு மறுபடி போட்டுறவா?" தோட்டத்துக் கணக்குப்பிள்ளையைப் போல, காகிதம் வைத்திருக்கும் ஆண்கள் எல்லாரும் அவளுக்குக் கிராணிதான்.

அதற்குள் ஒரு மரலாரி வந்துவிட்டது. சக்கரம் கோட்டில் பட்டதும் லாரி கோட்டோடு சாய்ந்து வழிந்தது. வாய்க்காலில் இறங்கி, வட்டத்துக்குள் போய், மங்கில் விழுந்த பால் மாதிரி சத்தமில்லாமல் நின்றது. பின்னால் வந்த கார்களும் அப்படியே. ஒருவருக்கும் ஹாரன் அடிக்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்பது பேர் குறுக்கே நடக்க ஆரம்பித்தார்கள். "இருங்க லா, அளந்துட்டு வாரேன்" என்று கஸ்பார் சங்கிலியை எடுத்தார். அந்த இடத்தில் ரோடு பதினோரு அங்குலம் சுருங்கியிருந்தது.

அன்று மத்தியானம் அவர் அவளை உட்காரவைத்துத் தொழிலைக் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். கத்தி மரத்தின் கட்டையைத் தொடக்கூடாது. ஒருநாள் வெட்டினால் மறுநாள் விட வேண்டும். ஒரு பக்கம் வெட்டும்போது இன்னொரு பக்கம் பட்டை வளர்த்துக்கொண்டிருக்கும். இங்கே வந்ததும் செல்லாயி நிறுத்தி, ஜன்னல் வழியாக ரோட்டைக் காட்டினாள்.

"எல்லாப் பட்டையும் காருக்கே குடுத்திருக்கீங்க. அது எங்க போய் ஆறும்?"

கஸ்பார் பதினான்கு நாள் வீட்டுக்குச் சரியாகப் போகாமல் புதுப் படம் வரைந்தார். ரோட்டில் பாதி வண்டிகளுக்கு, குறுகலாக. மீதிப் பாதி நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும்; அதுதான் ஆறுகிற பட்டை. நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கல்வரிசை. நூறு கெஜத்துக்கு ஒரு சாய்கோடு, ஒரு வட்டம். செல்லாயி வரைந்தாள். நடக்கிற காலுக்கும் சைக்கிள் டயருக்கும் பாரம் இல்லாததால் அவற்றின் கீழ் தார் மெதுவாகத் தோல் கட்டியது, ரோடு தினம் கொஞ்சம் உள்வாங்கியது. ஆகஸ்ட் பிறந்தபோது அரை மைல்தான். மாயாண்டியின் சட்டை என்ன நிறம் என்று இங்கிருந்தே தெரிந்தது.

அப்போது லாரி முதலாளிகள் மனுப் போட்டார்கள். தங்கள் வண்டிகள் நான்கு நிமிடம் தாமதமாவதாகவும், வட்டத்தில் நின்றால் டிரைவர்களுக்குத் தூக்கம் வருவதாகவும் அதில் இருந்தது. அனுமதித்த படமும் போட்ட கோடும் வேறு என்பதால் எல்லாவற்றையும் சுரண்டிவிடச் சொல்லி மேலிருந்து கடிதம் வந்தது. கல்யாணம் வெள்ளிக்கிழமை. சுரண்டும் ஆட்கள் செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.

செல்லாயி ஓரத்தில் நின்று பார்த்தாள். ஆட்கள் முதல் கோட்டைச் சுரண்டினார்கள். சுரண்டிய இடத்தில் வெள்ளை ஊறியது. இன்னும் ஆழமாகச் சுரண்டினார்கள், இன்னும் அதிகமாக ஊறி, வழிந்து, முந்தியதைவிடப் பளிச்சென்று புதுக்கோடாக உறைந்தது. மத்தியானத்துக்குள் ஆட்கள் முழங்கைவரை வெள்ளையாகிவிட்டார்கள். ஓரத்தில் உறைந்துகிடந்த ஒட்டுப்பால் மட்டும் இரண்டு சாக்கு தேறியது. சாயங்காலம் மேலிடம், ரோட்டுக்குத் தகுந்தபடி படத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லி வேறு கடிதம் போட்டது.

ஆனால் அரை மைல் அரை மைல்தானே; வண்டிகள் வட்டத்தில் நிற்கிற நேரத்துக்குள் அதைக் கடந்துவிட முடியாது. குறுகக் குறுக உள்வாங்குவதும் மெதுவாகிறது, மாசி மாதம்தான் அறுபதடி ஆகும் என்று கஸ்பார் வருத்தத்தோடு சொன்னார். செல்லாயி அழவில்லை. மைத்துனரை வைத்துத் தாரை வார்க்கலாமா என்று யோசித்து, மைத்துனருடைய வேட்டியைத் துவைத்துப் போட்டாள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மழை பிடித்தது. தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு கிடையாது. ஈரப்பட்டையில் கோடு போட்டால் பால் மங்குக்கு வராது, மரமெல்லாம் வழிந்து தண்ணீரோடு போய்விடும். இரண்டு மாதம் செல்லாயியின் கையில் இருந்த ரோட்டுக்கு இது தெரிந்திருந்தது. முதல் துளி விழுந்ததும் வளைவில் வந்த பஸ்ஸின் இஞ்சின் அடங்கியது. பின்னால் வந்தவையும் அடங்கின. டிரைவர்கள் இறங்கித் தள்ளி, வண்டியைத் திருப்பி வேறு தெருவில் விட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்கு ஜாலான் லோம்போங் லாமாவில் ஒரு சக்கரம்கூட இல்லை. இருந்த இரண்டும் மாயாண்டியின் சைக்கிளுடையவை.

ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். அவசரப்படவில்லை. பாதி வழியில் நின்று, மேம்பாலத்தின் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார். செல்லாயி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். பதினைந்து நிமிடத்தில் அவர் முன்சக்கரம் இந்தப் பக்க ஓரக்கல்லைத் தொட்டது.

"கச்சான மூடாம வந்தா, நனைஞ்சத எவன் வாங்குவான்?" என்றாள் அவள்.

"கல்யாணத்துக்கு வாரவுங்களுக்குப் போடலாம்" என்றார் மாயாண்டி.

வெள்ளிக்கிழமை அவர் தாரை வார்த்தார். கஸ்பார் சொன்ன மாசியில் ரோடு அறுபதடிக்கு வந்து அங்கேயே நின்றது. 1984இல் வந்த ஊர்ப்படத்தில் அதன் அகலத்துக்குப் பக்கத்தில், மழை நாட்களில் வண்டி இல்லை என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றிவருகிற யாராவது வளைவில் நின்று, பானெட்டைத் திறந்து, குழம்பிப்போய் உள்ளே பார்த்தால், சீனி என்ற டாக்சிக்காரர் தேநீர்க் கடையிலிருந்து குரல் கொடுப்பார்.

"மழ லா, அண்ணே. இன்னிக்கு வெட்டு இல்ல. வந்து தே குடிங்க."