பதினேழு பேருக்கு நடுவில் ஒரு கிடார்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அக்காவிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எப்படியும் அவள் படிப்பாள்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறாள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு பெரிய பேண்டில் கிடார் வாசிக்கிறாள். டிரம்பெட் நாலு, டிராம்போன் நாலு, சாக்ஸபோன் ஐந்து. அப்புறம் டிரம்ஸ், பியானோ, பேஸ், அக்கா. ஆகப் பதினேழு பேர். போன மாதம் ஒத்திகையில் அவளுடைய ஆம்பின் பிளக் கழன்றுவிட்டது. (ஆம்ப் என்றால் கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி.) மூன்று பாட்டு முடிந்த பிறகுதான் அவளே பார்த்தாள். மற்ற பதினாறு பேருக்கும் தெரியவே இல்லை.

இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எனக்குக் கதை தட்டுப்பட்டது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘அவள் கண்களில் நீர் திரண்டபோது...’ (அடித்தாயிற்று. ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: “எப்படா அழுதேன்?”)

‘இசை என்பது...’ (இப்படி ஆரம்பித்த எந்த வாக்கியமும் என் கையில் உருப்பட்டதில்லை.)

‘மாஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.’

இது நிற்கட்டும். பேண்டை நடத்துகிறவர்தான் மாஸ்டர். அன்று அவர் சொன்னது இது: “கிடார் கேக்கவே மாட்டேங்குது, பியானோ இருக்கு. அடுத்த நிகழ்ச்சிக்கு மேடையும் சின்னது. கிடார் இல்லாம பண்ணலாமான்னு பாக்கிறேன்மா.”

முதல் வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கி, குரலில் எகத்தாளம் எல்லாம் சேர்த்திருந்தேன். அக்கா விடவில்லை. “நல்ல மனுஷன்டா. கேக்கலைங்கிறத கேக்கலைன்னு சொன்னாரு. அதுல என்ன தப்பு?”

அவள் அவரிடம் கேட்டது ஒன்றுதான். “ரெண்டு ஒத்திகை டைம் குடுங்க மாஸ்டர்.”

3

சத்தம் கூடிய புது ஆம்ப் வாங்க வாத்தியக் கடைக்கு மூன்று பேர் போனோம். அக்கா, பெட்டி தூக்க நான், மேடையில் அவளுக்கு நேர் பின்னால் டிராம்போன் ஊதும் பஸ் டிரைவர். “அண்ணனத் தாண்டிக் கேட்டா யாரத் தாண்டியும் கேக்கும்” என்பது அக்காவின் கணக்கு. அவர் வாத்தியத்தோடு வந்திருந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, “சார் என்ன மாதிரி வாசிப்பீங்க?” என்றார்.

“நான் சுமை தூக்க வந்தவன். வாசிக்கிறவங்க அவங்க.”

முதல் ஆம்ப் பதினைந்து வாட்ஸ். தனியாகக் கேட்டபோது ஜோராக இருந்தது. டிரைவர் ஒரு மூச்சு ஊதினார், கிடார் இருந்த இடம் தெரியவில்லை. சத்தத்தை முழுதாகத் திருப்பினால் கேட்டது, ஆனால் தொண்டை கட்டியவர் கத்துவதுபோல.

“வாட்ஸ் கூட வேணுங்கிறது கத்துறதுக்கு இல்லம்மா” என்றார் கடைக்காரர். “பாதி திருப்பினாலே தெளிவா, கரகரன்னு உடையாம வரணும். அதுக்குத்தான்.”

அடுத்தது நூறு வாட்ஸ். சத்தத்துக்குக் குறையில்லை, ஆனால் அதைத் தரையிலிருந்து தூக்கவே நானும் டிரைவரும் சேர வேண்டியிருந்தது. அக்கா இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. மூன்றாவது ஆம்ப் எண்பது வாட்ஸ். ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர். ஒரு கையால் தூக்கிவிட்டாள்.

டிரைவர் ஊதினார். அக்கா வாசித்தாள். டிராம்போனுக்குப் பக்கத்தில் கிடார் தனியாக, சுத்தமாக நின்றது. அப்போதுதான் ஓரிடத்தில் அவள் விரல் கிடார்க் கம்பியில் ஒரு கட்டம் தள்ளி விழுவது எனக்குக்கூடக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் அதே தப்பு. பழகிப்போன தப்பு.

4

‘அக்கா உடனே அதை வாங்கினாள்’ என்று எழுதியிருந்தேன். பொய். கிடாரைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய் நடைபாதையில் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

“நாலு வருஷமா தப்பா வாசிச்சிருக்கேன்டா. யாருக்கும் கேக்கல, தப்பிச்சேன். இத வாங்கினா ஒளிய இடமில்ல.”

(இந்த இடத்தில் என் வாயில் ஆறு வரி ஆறுதல் வைத்திருந்தேன். உண்மையில் நான் சொன்னது: “வெயிலா இருக்கு, உள்ள போலாமா?”)

டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “அந்த இடத்த இன்னொரு வாட்டி வாசிங்கம்மா.”

“தப்பு வருதுண்ணே.”

“வருதுதான். ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம். நாலு வருஷமா என் முன்னாடி உக்காந்திருக்கீங்க, என்ன வாசிக்கிறீங்கன்னு இன்னைக்குத்தான் கேக்குது. நல்லா இருக்கும்மா.”

அக்கா உள்ளே போனாள். அந்த எண்பது வாட்ஸோடுதான் வெளியே வந்தாள்.

5

இரண்டாவது ஒத்திகையில், பாட்டு நடுவே மாஸ்டர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். நேராக அக்காவைப் பார்த்தார்.

“கிடார், கொஞ்சம் குறைங்க.”

ஒத்திகை முடிந்ததும் வாசலிலிருந்தே எனக்கு போன் பண்ணினாள். “என்னைக் குறைக்கச் சொல்லிட்டாருடா. என்னை.” பதவி உயர்வு வந்தவர்கள்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. நிகழ்ச்சியில் கிடார் உண்டா என்று அதற்குமேல் யாரும் பேசவில்லை. அவள் நாற்காலிக்கு மேடையில் இடம் பிறந்துவிட்டது.

6

நிகழ்ச்சி நாளைக்கு. நான் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் முடிவு என்னிடம் இல்லை. இட்டுக்கட்டிய மூன்று முடிவுகளை அக்காவிடம் கொடுத்தேன்.

அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. (அடித்துவிட்டாள்.)

மாஸ்டர் மன்னிப்புக் கேட்கிறார். (“அவர் எதுக்குடா?”)

அதே இடத்தில் அதே தப்பு விழுகிறது, எல்லோருக்கும் கேட்கிறது, அவள் நிறுத்தாமல் வாசித்துப் போகிறாள். (இதை அடிக்கவில்லை. ‘இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறாள்.)

“குறைக்கச் சொன்னாரே, எவ்வளவு குறைச்ச?” என்று கேட்டேன்.

“வந்து கேட்டுத் தெரிஞ்சுக்கோ.”

எனக்குக் கடைசி வரிசையில் இடம். பக்கத்து நாற்காலி காலிதான், நீங்கள் உட்காரலாம். அக்காவைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடாது, நான் எழுதமாட்டேன். அந்த வரிசை வரைக்கும் கிடார் வந்து சேர்ந்ததா என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.